நூர்மியை 1932-ல் வெளியே நிறுத்தியது தவறு என்று எழுதிக் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

உலகத் தடகள அமைப்பின் தலைவர் மதிப்புக்குரிய செபாஸ்டியன் கோ அவர்களுக்கும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் மதிப்புக்குரிய கர்ஸ்டி கவென்ட்ரி அவர்களுக்கும்,

வணக்கம்.

லொசான் நகரில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஒலிம்பிக் அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு வெண்கல மனிதர் ஓடிக்கொண்டிருக்கிறார். உடம்பில் துணி கிடையாது. நெஞ்சு நிமிர்ந்திருக்கும், ஒரு பாதத்தின் முன்பகுதி மட்டும் கீழே தொட்டுக்கொண்டிருக்கும். வைனோ ஆல்தோனென் செய்த சிற்பத்தின் பிரதி அது. இன்னொரு பிரதி ஹெல்சிங்கி ஒலிம்பிக் மைதானத்தின் வாசலில் நிற்கிறது. அந்த மனிதர் பாவோ நூர்மி. பின்லாந்துக்காரர். ஒன்பது ஒலிம்பிக் தங்கம், மூன்று வெள்ளி.

அவரை வாசலில் சிலையாக வைத்திருக்கிறீர்கள். 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் வாசலிலும் அவரை இப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள், உயிரோடு. அன்று அவர் ஓடக்கூடாது என்று முடிவெடுத்தது தடகள அமைப்பு. அது நடந்தது ஒலிம்பிக் கமிட்டியின் மைதானத்தில். அதனால்தான் உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த முடிவு தவறானது, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று உங்கள் அமைப்புகளின் பெயரில் எழுத்தில் சொல்லுங்கள்.

நான் பதக்கம் வாங்கிய ஓட்டக்காரன் இல்லை. விடியற்காலையில் ஊர் முழிப்பதற்குள் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்குப் போகிற சாதாரண ஆள். பள்ளியில் எங்களை ஓட வைத்த பி.டி. மாஸ்டர் சொல்லித்தான் நூர்மி என்ற பெயரே எனக்குத் தெரியும். "கையில கடிகாரத்தைப் புடிச்சிக்கிட்டு ஓடுனவன்டா அவன், பக்கத்துல ஓடுறவனைத் திரும்பியே பார்க்க மாட்டான்" என்பார். அந்த ஒரு வரி முப்பது வருடமாக என் கூடவே ஓடிவருகிறது. அப்புறம் நானாகத் தேடிப் படித்தபோதுதான் 1932-ஐப் பற்றித் தெரிந்துகொண்டேன். தெரிந்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நூர்மி 1897-ல் துர்க்கு நகரில் பிறந்தவர். அப்பா தச்சர். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, 1910-ல், அப்பா இறந்துபோனார். குடும்பம் ஒரே அறையில் ஒடுங்கிக்கொண்டு, சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டது. நன்றாகப் படித்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ரொட்டிக்கடையில் எடுபிடி வேலைக்குப் போனான். சுமை ஏற்றிய கைவண்டியைத் துர்க்குவின் மேட்டுச் சாலைகளில் தள்ளிக்கொண்டு போவதுதான் வேலை. தன் காலுக்கும் முதுகுக்கும் பலம் வந்தது அந்த வண்டியால்தான் என்று பிற்காலத்தில் சொன்னார்.

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். ஹன்னெஸ் கோலெஹ்மைனென் என்ற பின்லாந்துக்காரர் மூன்று தங்கம் வென்றார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது, அதனால் அவர் வென்றபோது கம்பத்தில் ஏறியது ரஷ்யக் கொடி. அதைப் பார்த்ததும், ஜெயிக்காமலே இருந்திருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியதாம். அந்தச் செய்தி துர்க்குவில் இருந்த பதினைந்து வயதுப் பையனை எட்டியது. கொஞ்ச நாளில் அவன் தனக்கு முதல் ஓட்டக் காலணி வாங்கிக்கொண்டான்.

1919-ல் கட்டாய ராணுவ சேவை. அங்கே ஒரு அணிவகுப்புப் போட்டி வைத்தார்கள். தோளில் துப்பாக்கி, முதுகில் மணல் நிரப்பிய பை, இருபது கிலோமீட்டர். மற்ற சிப்பாய்கள் நடந்தார்கள், நூர்மி முழுத் தூரத்தையும் ஓடினார். அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்ததால், குறுக்கு வழியில் வந்திருப்பானோ என்று அதிகாரிகளில் சிலர் சந்தேகப்பட்டார்கள். ஒரு வருடம் கழித்து ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.

பாரிஸ் 1924 பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோ அவர்களே, 1500 மீட்டரில் இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் நீங்கள். ஒரு 1500 மீட்டர் இறுதிப் போட்டி முடிந்ததும் கால் எப்படி நடுங்கும், நெஞ்சு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜூலை 10 அன்று நூர்மிக்கு 1500 மீட்டர் இறுதியும் 5000 மீட்டர் இறுதியும் ஒரே மாலையில் இருந்தன. முதலில் போட்ட அட்டவணையில் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்தான். பின்லாந்து எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அது ஒரு மணி நேரத்தை ஒட்டி நீண்டது. இது முடியுமா என்று பார்க்க மூன்று வாரத்துக்கு முன்பே, ஜூன் 19-ல், ஹெல்சிங்கியில் ஒத்திகை பார்த்தார். ஒரு மணி நேர இடைவெளியில் அதே இரண்டு தூரங்களையும் ஓடினார். இரண்டிலும் உலக சாதனை.

பாரிஸில் 1500 மீட்டரை 3 நிமிடம் 53.6 வினாடியில் முடித்தார். கொஞ்சம் ஓய்வு. திரும்பி வந்து 5000 மீட்டர். அவர் களைத்திருப்பார் என்று தெரிந்து சக நாட்டுக்காரர் வில்லே ரிதோலாவும் ஸ்வீடனின் எட்வின் விடேயும் ஆரம்பத்திலேயே வேகத்தைக் கூட்டினார்கள். நூர்மி கடிகாரத்தைப் பார்த்தபடி தன் கணக்கிலேயே ஓடினார். கடைசிச் சுற்றுகள் நெருங்கியதும் கடிகாரத்தைப் புல்வெளியில் போட்டுவிட்டு முன்னே போனார். 14 நிமிடம் 31.2 வினாடி. ரிதோலா அவருக்கு 0.2 வினாடி பின்னால்.

இரண்டு நாள் கழித்து கிராஸ் கன்ட்ரி ஓட்டம். பாரிஸில் வெயில் கொளுத்திய நாள் அது. 38 பேர் கிளம்பினார்கள், 15 பேர்தான் முடித்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் சுருண்டு விழ, சிலரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நூர்மி ஒரு நிமிடத்துக்கும் அதிகமான முன்னிலையில் வந்து முடித்தார். மறுநாள் 3000 மீட்டர் அணி ஓட்டம், அதிலும் தங்கம். ஆறு நாளில் ஏழு ஓட்டம், ஐந்து தங்கம். 10,000 மீட்டருக்கு அவர் பெயரை பின்லாந்து அதிகாரிகள் கொடுக்கவே இல்லை. அந்த வருத்தத்தை அவர் வாயால் சொல்லவில்லை. ஊர் திரும்பி ஆகஸ்ட் கடைசியில் குவோப்பியோ நகரில் அந்தத் தூரத்தை 30 நிமிடம் 6.2 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனையை முறியடிக்க ஏறக்குறைய பதின்மூன்று வருடம் ஆனது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஏனென்றால் 1932-ல் அவர் மீது சொன்ன குற்றம் பணம் வாங்கினார் என்பதுதான்.

அவர் பணமே வாங்கவில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அந்தக் காலத்தில் பெரிய ஓட்டக்காரர்களுக்குப் பயணச் செலவு என்ற பெயரில் கூடுதலாகக் கைக்குள் பணம் போனது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நூர்மிக்கும் போயிருக்கும். 1925-ல் அமெரிக்காவில் ஐந்து மாதத்தில் 55 போட்டிகளில் ஓடி 51-ல் ஜெயித்தார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கி ஊர் ஊராக அரங்குகள் நிரம்பின. அந்த டிக்கெட் பணம் எங்கே போனது? போட்டி நடத்தியவர்களுக்குப் போனது, சங்கங்களுக்குப் போனது. அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. ஓடினவர் கைக்கு ஒரு பங்கு போனால் மட்டும் விளையாட்டு கெட்டுவிட்டது என்றார்கள்.

அவர் நாட்டிலேயே சுற்றிப் பாருங்கள். ழான் சிபேலியஸ் இசையமைக்க வேண்டும், பிழைப்புக்காகப் பாடம் எடுத்தே களைத்துப்போகக் கூடாது என்று 1890-களின் கடைசியில் அவருக்கு அரசு ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. அது பிறகு வாழ்நாள் ஓய்வூதியமாக மாறியது. அவருடைய 'பின்லாந்தியா' இசை அதற்குப் பிறகு வந்ததுதான். காசு வாங்கிக்கொண்டு எழுதிய இசை என்று யாராவது அதைக் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்கிறார்களா? மார்ஷல் மன்னர்ஹெய்ம் முப்பது ஆண்டு ரஷ்யப் பேரரசின் படையில் சம்பளம் வாங்கிய அதிகாரி. 1918-ல் பின்லாந்தின் தளபதி, பிறகு குடியரசுத் தலைவர். உங்கள் லொசான் நகரில்தான் 1951 ஜனவரியில் அவர் உயிர் பிரிந்தது. சம்பளம் வாங்கியதால் அவர் போர்வீரர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. இசைக்காரருக்குக் கூலி உண்டு, படைத்தலைவருக்குச் சம்பளம் உண்டு, நாடாளுமன்ற உறுப்பினருக்குப் படி உண்டு. தச்சர் மகன் ஓடினால் மட்டும் கூலி பாவமாகிவிட்டது.

காசு வாங்காமல் ஆடுகிறவர் மட்டுமே ஆடலாம் என்ற இந்த அமெச்சூர் கோடு எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879-ல் எழுதிய விளக்கத்தில், கைத்தொழில் செய்பவரும் கூலியாளும் அமெச்சூர் ஆகவே முடியாது. உழைத்துச் சாப்பிடுகிறவனை வெளியே வைக்கப் போட்ட வேலி அது. ஒலிம்பிக்கிலும் அந்த வேலி நெடுங்காலம் நின்றது. குதிரையேற்றத்தில், பழக்கிய குதிரையை நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்கு ராணுவத்தினரில் அதிகாரிகளுக்கு மட்டுமே அனுமதி, சார்ஜென்டுக்குக் கிடையாது. 1948 லண்டனில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. அணியில் இருந்த யெனல் பெர்சன் உண்மையில் சார்ஜென்ட்தான், போட்டிக்காகப் பதவி உயர்வு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 1949-ல் அந்தத் தங்கத்தைப் பறித்தார்கள். அப்புறம் விதியை மாற்றினார்கள். 1952 ஹெல்சிங்கியில் அதே மூன்று பேர் வந்து அதே போட்டியில் தங்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். பெர்சன் அவர்களில் ஒருவர். நான்கு வருடத்தில் அவருக்குக் கதவு திறந்தது. நூர்மிக்கு வயது அப்படிக் காத்திருக்கவில்லை.

1932-ல் அவருக்கு முப்பத்தைந்து வயது. ஒலிம்பிக்கில் அவர் தொடாத ஒன்று மாரத்தான். அதையும் ஓடிவிட்டு ஓய்வு பெறவேண்டும் என்று நினைத்தார். 1920-ல் கோலெஹ்மைனென் அப்படித்தான் மாரத்தானிலும் தங்கம் வென்றிருந்தார். குருவின் வழியில் சீடனும் முடிக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

1931 இலையுதிர் காலத்தில் நூர்மி ஜெர்மனியில் சில போட்டிகளில் ஓடினார். அங்கே அதிகமாகச் செலவுத்தொகை வாங்கினார் என்று புகார் கிளம்பியது. 1932 ஏப்ரல் 3 அன்று பெர்லினில் உங்கள் அமைப்பின் நிர்வாகக் குழு கூடியது, கோ அவர்களே. தலைவர் ஸ்வீடனின் சிக்ஃப்ரிட் எட்ஸ்ட்ரோம். ஏழு பேர் உட்கார்ந்து நூர்மியை இடைநீக்கம் செய்தார்கள். நூர்மியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீரர் அமெச்சூரா இல்லையா என்று முடிவு சொல்வது அவரவர் நாட்டுச் சங்கத்தின் வேலை, அதை உலக அமைப்பு ஏற்பதுதான் அதுவரை வழக்கம். பின்லாந்துச் சங்கம் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று நூர்மிக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. அது எடுபடவில்லை.

நூர்மி பயிற்சியை நிறுத்தவில்லை. ஜூன் 26 அன்று வீப்புரி நகரில் தேர்வுப் போட்டி. அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான் அது. பழைய கணக்கில் 40.2 கிலோமீட்டர். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் 2 மணி 22 நிமிடம் 3.8 வினாடியில் முடித்தார். அதே வேகத்தில் மீதி இரண்டு கிலோமீட்டரையும் ஓடியிருந்தால் அப்போதைய உலகின் மிகச் சிறந்த நேரத்தை ஒட்டி வந்திருப்பார். அவருக்கு அடுத்து வந்த அர்மாஸ் தொய்வோனென் ஆறு நிமிடம் பின்னால் இருந்தார். தொய்வோனென் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு அணியோடு போனார். குதிகால் தசைநாரில் வலி இருந்தது, ஆனாலும் போனார். மாரத்தான் ஓட வந்திருந்த மற்ற நாட்டு வீரர்களே, அவரை ஓட விடுங்கள் என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். தங்கத்துக்குப் போட்டியாக இருப்பவர்கள் கொடுத்த மனு அது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஓட்டக்காரர்களுக்குத் தெரிந்த நியாயம் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 10,000 மீட்டர் போட்டிக்கு மூன்று நாள்கூட இல்லாதபோது, பெர்லினில் உட்கார்ந்த அதே ஏழு பேர் மறுபடி உட்கார்ந்து அவர் பெயரை நீக்கினார்கள். தீர்ப்பு சொன்னவர்களிடமே மேல்முறையீடு! பிறகு அமைப்பின் மாநாட்டில், ஒரு வீரரை இப்படித் தடுக்க நிர்வாகக் குழுவுக்கு அதிகாரம் உண்டா என்று வாக்கெடுப்பு நடந்தது. 13 பேர் உண்டு என்றார்கள், 12 பேர் இல்லை என்றார்கள். ஒரே ஒரு வாக்கு. அவரைத் தொழில்முறை வீரர் என்று அறிவிக்கவும் அந்த மாநாட்டால் முடியவில்லை. அவர் அமெச்சூர் இல்லை என்று நிறுவாமலேயே அமெச்சூர் இல்லாதவரைப் போல வெளியே நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 7 அன்று மாரத்தான் நடந்தது. அர்ஜென்டினாவின் இருபது வயது ஹுவான் கார்லோஸ் சபாலா 2 மணி 31 நிமிடம் 36 வினாடியில் வென்றார். வீப்புரியில் ஆறு நிமிடம் பின்தங்கிய தொய்வோனென் வெண்கலம் வாங்கினார். தான் ஓடியிருந்தால் ஐந்து நிமிட வித்தியாசத்தில் ஜெயித்திருப்பேன் என்று நூர்மி சொன்னார். குதிகால் வலியோடு அது முடிந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்ததா இல்லையா என்று சாலையில் இறங்கிப் பார்க்கும் உரிமையைத்தான் அவரிடமிருந்து எடுத்தார்கள்.

பின்லாந்து கொதித்தது. ஸ்வீடனோடு தடகள உறவையே முறித்துக்கொண்டது. அந்த ஆண்டிலிருந்து பின்லாந்துத் தடகளச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் ஊர்ஹோ கெக்கோனென். 1924-ல் உயரம் தாண்டுதலில் தேசியச் சாம்பியனாக இருந்தவர், பின்னாளில் கால் நூற்றாண்டு அந்த நாட்டின் குடியரசுத் தலைவர். அவரும் நூர்மியும் எப்படிப் பழகினார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். யாரிடமும் வாய் திறக்காத நூர்மி, 1967-ல் எழுபதாவது பிறந்தநாளுக்கு வானொலிப் பேட்டி கொடுக்கச் சம்மதித்தார், கேள்வி கேட்கப்போவது குடியரசுத் தலைவர் கெக்கோனென் என்று தெரிந்த பிறகுதான்.

1932-க்குப் பிறகும் நூர்மி சொந்த நாட்டில் ஓடிக்கொண்டிருந்தார். 1933-ல் 36 வயதில் 1500 மீட்டர் தேசியப் பட்டம் வென்றார். 1934 செப்டம்பரில் வீப்புரியில் கடைசி ஓட்டம்.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. குளிர்காலப் போர் தொடங்கியது. அடுத்த மாதங்களில் நூர்மி மறுபடி அமெரிக்கா போனார், தைஸ்தோ மாக்கியைக் கூட்டிக்கொண்டு. 10,000 மீட்டரை 30 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் மாக்கி. இருவரும் ஊர் ஊராகப் போய்ப் போரில் நொந்த நாட்டுக்கு நிதி திரட்டினார்கள். 1932-ல் எந்த மண்ணில் அவருக்கு ஓட இடம் இல்லை என்றார்களோ, அதே மண்ணில். அந்தப் போரில்தான், 1936 பெர்லினில் 5000 மீட்டர் தங்கம் வாங்கிய குன்னர் ஹோக்கெர்ட் 1940 பிப்ரவரி 11 அன்று கரேலிய நிலத்தில் இறந்தார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும். நண்பனின் நினைவாக, லாரி லெஹ்தினென் தன் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை அதே போர்முனையில் தீரம் காட்டிய ஒரு சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டார். அது லாஸ் ஏஞ்சலிஸில் வாங்கிய தங்கம். பதக்கத்தின் மதிப்பு என்ன என்று அறிந்த மனிதர்கள் இவர்கள். காசு கொடுத்தால் விலைபோவார்கள் என்று இவர்களைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

1952 ஜூலை 19, ஹெல்சிங்கி. மழை. கவென்ட்ரி அவர்களே, இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்தவர் அதே சிக்ஃப்ரிட் எட்ஸ்ட்ரோம். 1946 முதல் அவர்தான் கமிட்டித் தலைவர். நுழைவாயிலில் சுடரோடு ஒரு வழுக்கைத் தலை மனிதர் ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயது, ஆனால் அந்த நடை மாறவில்லை. அரங்கம் அடையாளம் கண்டுகொண்டு எழுந்தது. அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசையைக் கலைத்துவிட்டுப் பாதை ஓரத்துக்கு ஓடினார்கள், நூர்மியைப் பக்கத்தில் பார்க்க. அவர் கீழே சுடரை ஏற்றினார், கோபுர உச்சியில் ஏற்றியவர் கோலெஹ்மைனென். அந்தக் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர். 1932 லாஸ் ஏஞ்சலிஸில் பின்லாந்தின் மத்தி யார்வினென் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தூரம் அது. நூர்மியைத் தடுத்த அந்த ஒலிம்பிக்கைப் பின்லாந்து இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், இலங்கைக்காக உயரம் தாண்டிய தமிழர், அந்த ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் கலந்துகொண்டார். எங்களில் ஒருவர் அந்த மைதானத்தில் கால் பதித்தார் என்று நினைக்கும்போது, எனக்கும் இதில் பேச ஓர் இடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அன்று சுடரைக் கொடுத்தார்கள். ஆனால் எட்ஸ்ட்ரோம் வாழ்ந்த காலத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல் அந்த மழையில் வரவில்லை.

பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நீங்களே கிளறியிருக்கிறீர்கள், நல்லபடியாக. 1912 ஸ்டாக்ஹோமில் பென்டாத்லான், டெகாத்லான் இரண்டிலும் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப்பிடமிருந்து 1913-ல் தங்கத்தைப் பறித்தீர்கள். அதற்கு முன் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடினார் என்பதுதான் குற்றம். 1982-ல் பாதி திருத்தினீர்கள், 2022-ல் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று முழுதாகத் திருத்தினீர்கள். 109 வருடம் ஆனது. நான் சொல்வது அதைவிட எளிது. சபாலாவின் தங்கத்தை யாரும் தொட வேண்டாம். அநாதை இல்லத்தில் வளர்ந்து இருபது வயதில் உலகை வென்ற பிள்ளை அவர், அந்தத் தங்கம் அவருக்கே உரியது. பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது.

பின்லாந்தும் தன் தவறை இப்படிப் பார்த்திருக்கிறது. 1938 ஜூனில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் மைதானத் திறப்பையொட்டி நடந்த 100 மீட்டரில் முதலில் வந்தவர் அபிரகாம் தொகாசியர், யூதர். முடிவுக் கோட்டை அவர்தான் முதலில் தாண்டினார் என்று புகைப்படமே காட்டியது, ஆனாலும் அவருக்கு நான்காம் இடம் கொடுத்தார்கள். 2013-ல், 75 வருடம் கழித்து, பின்லாந்துத் தடகளச் சங்கம் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திருத்தியது. தொகாசியர் அப்போது உயிரோடு இல்லை. ஒரு சின்ன நாட்டின் சங்கத்தால் முடிந்தது.

நூர்மிக்கே இது பெரிசாகப் பட்டிருக்காது என்றும் சொல்வார்கள். உண்மைதான். உலகப் புகழ் ஓர் அழுகிய லிங்கன்பெர்ரிப் பழத்துக்குக்கூடப் பெறாது என்றவர் அவர். கட்டடத் தொழிலிலும் கடையிலும் சம்பாதித்தார், இதய நோய் ஆராய்ச்சிக்கு ஓர் அறக்கட்டளை வைத்தார், 1973 அக்டோபர் 2 அன்று இறந்தபோது நாடு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. அங்கே பேசியவர் கெக்கோனென். ரூபாய் நோட்டில் காந்தி இருப்பதுபோல, பின்லாந்தின் பத்து மார்க்கா நோட்டில் நூர்மி முகம் வந்தது. வானத்தில் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் இருக்கிறது. அவருக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்படுவது ஏட்டில் இருக்கும் அந்த வரியைச் சரிசெய்வது. இன்று எங்கோ காலணி இல்லாமல் ஓடிப் பழகும் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண், நாளை பரிசுப் பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தால், அவளைப் போன்றவரை ஒரு காலத்தில் குற்றவாளி என்று சொன்ன தீர்ப்பு இன்னும் அப்படியே கிடக்கக்கூடாது.

கோ அவர்களே, 2024 பாரிஸில் தடகளத்தில் தங்கம் வென்ற ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் பரிசு என்று அறிவித்தவர் நீங்கள். 48 போட்டிகள். நான் அதை மனதார வரவேற்றேன். நூர்மி ஐந்து தங்கம் வென்ற பாரிஸுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து அது நடந்தது. அவர் ஓடிய கொலம்ப் மைதானத்தில் இந்த முறை ஹாக்கி நடந்தது, எங்கள் இந்திய அணி அங்கேதான் வெண்கலம் வாங்கியது. ஒரு ஓட்டத்துக்குச் சில நூறு டாலர் வாங்கினார் என்று நூர்மியை வெளியே தள்ளிய அதே அமைப்பு, இன்று தன் கையாலேயே தங்கத்துக்குப் பணம் கொடுக்கிறது. அமைப்பின் பெயரிலிருந்தே அமெச்சூர் என்ற சொல்லை 2001-ல் எடுத்துவிட்டீர்கள். உங்கள் புகழ் மண்டபத்தில் 2012-ல் சேர்த்த முதல் பெயர்களில் நூர்மியும் இருக்கிறார். எல்லாம் சரி. மிச்சம் இருப்பது அந்த ஒரு கடிதம்.

2028 ஜூலையில் ஒலிம்பிக் மறுபடி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறது. தடகளம் நடக்கப்போவது 1932-ல் நடந்த அதே கொலீசியம் மைதானத்தில். அதற்குள் உங்கள் இரண்டு அமைப்புகளும் கூடி, 1932 ஏப்ரலிலும் ஜூலையிலும் பாவோ நூர்மி மீது எடுத்த முடிவுகளை ரத்து செய்து ஒரு தீர்மானம் போடுங்கள். விசாரிக்காமல் தண்டித்தது தவறு என்று அதில் எழுதுங்கள். அதன் ஒரு பிரதியை ஹெல்சிங்கிக்கு அனுப்புங்கள். இன்னொன்றை லொசானில் அந்த வெண்கல மனிதரின் காலடியில், வருகிறவர்கள் படிக்கும்படி வையுங்கள். தமிழில் வேண்டுமென்றால் மொழிபெயர்த்துத் தர நான் இருக்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
ஓட்டத்தை நேசிக்கும் ஒரு தமிழன்